உஷார்! “ம்” என்று மட்டும் பதில் வருகிறதா?

செப்டம்பர் பிறந்தால் மயிலாப்பூரில் இரண்டு காட்சி. வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் முளைக்கும். லஸ் பக்கத்து ஆடிட்டர் ஆபீஸ்களில் நடுராத்திரி வரை விளக்கு எரியும். வருமான வரித் தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30 கெடு. சில வருஷம் அரசாங்கம் கடைசி நேரத்தில் மனம் இரங்கித் தேதியைத் தள்ளிவைக்கும். அதுவரை அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சோறு, தண்ணி, தூக்கம் எதுவும் ஒழுங்காகக் கிடையாது.

போன வருஷம் அந்தக் கெடுவின் சூடு மந்தைவெளியில் என் வீட்டுக் கூடம் வரை வந்துவிட்டது.

என் அக்கா மகள் கும்பகோணத்துப் பெண். ஓஎம்ஆரில் வேலை. தி.நகரில் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் லேடீஸ் ஹாஸ்டல். என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. “அங்கேருந்துதான் பஸ் வசதி சித்தி” என்று சொல்லிவிட்டாள். என்ன வசதி என்று நானும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திடுதிப்பென்று வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. கொடுத்த காபி ஆடை கட்டியதுதான் மிச்சம், தொடவில்லை. போனை என் முன்னால் நீட்டினாள். “நீங்களே பாருங்க சித்தி.”

ராத்திரி 9.40க்கு ஆரம்பித்திருக்கிறது. சாப்டியா. ஆபீஸ்லயா. பிஸியா. சரி. நான் ஏதாவது தப்பா சொன்னேனா. பிடிக்கலைன்னா சொல்லிடு. சாரி. சாரின்னு சொன்னாக்கூட பதில் இல்ல. எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று மெசேஜ். 11.32க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே எழுத்து: “ம்”.

“ப்ளூ டிக் விழுந்து நாப்பது நிமிஷம் சித்தி. ஒரு ‘ம்’ போட நாப்பது நிமிஷமா?”

மறுநாள் காலை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு காதலன் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ் கட்டடத்துக்கு எதிரே போய் நின்றிருக்கிறாள். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட லஸ்ஸில், தகரத் தடுப்பு ஓரமாக, முக்கால் மணி நேரம். இறங்கி வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. “ஆபீஸுக்கெல்லாம் வராத” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிவிட்டான். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டுத் தீர்ப்பையும் அவளே வாசித்தாள். “அவன் அவாய்டன்ட் சித்தி. ரீல்ஸ்ல அப்படியே சொல்றாங்க. நான் ஆங்ஷியஸ். ரெண்டும் செட்டே ஆகாது. பிரேக்-அப் பண்ணிடலாம்னு இருக்கேன்.”

இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சண்டை பழைய சண்டைதான். வள்ளுவர் இதற்கென்றே ‘புலவி நுணுக்கம்’ என்று ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அவன் தும்முகிறான்; எவள் நினைத்ததால் தும்மினாய் என்று அவள் அழுகிறாள். அடுத்த தடவை தும்மலை அடக்கிக்கொள்கிறான். எவள் நினைப்பதை என்னிடம் மறைக்கிறாய் என்று அதற்கும் அழுகிறாள். ப்ளூ டிக் இல்லாத காலத்திலும் பாவம் அவனுக்குத் தப்பிக்க வழி இல்லை. ஆனால் வள்ளுவரின் தலைவி அவன் நெற்றியில் ஒரு வியாதிப் பெயரை ஒட்டிவிட்டுக் கிளம்பவில்லை. இந்த ஒட்டும் பழக்கம் புதுசு. அதற்குத்தான் இந்த உஷார்.

அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம். ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர், தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து உருவாக்கிய ‘அட்டாச்மென்ட்’ கோட்பாடு இது. இதைப் பற்றிய அவருடைய நூலின் முதல் தொகுதி 1969இல் வந்தது. மேரி எயின்ஸ்வொர்த் அதைச் சோதனைக்குக் கொண்டுபோனார். ஒரு வயசுக் குழந்தை, பொம்மைகள் கிடக்கும் அறை, அம்மா. அம்மா எழுந்து வெளியே போகிறாள். கொஞ்ச நேரத்தில் திரும்புகிறாள். குழந்தை அழுகிறதா என்பதைவிட, அம்மா திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு. பெரும்பாலான குழந்தைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி பொம்மைக்குப் போய்விடும். சில குழந்தைகள் கட்டிக்கொள்ளும், கூடவே அடிக்கும், சமாதானமே ஆகாது. இன்னும் சில, அம்மா வந்ததையே கண்டுகொள்ளாமல் பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் கடைசிக் குழந்தையைப் பார்த்து, அடடா என்ன சமர்த்து என்று நாம் சொல்லிவிடுவோம். 1977இல் ஆய்வாளர்கள் அந்தச் சமர்த்தின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை; உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு அந்த “ம்” ஞாபகம் வந்தது.

பெரியவர்களின் காதலுக்கு இந்தக் கோட்பாட்டைக் கொண்டுவந்தது எது தெரியுமா? ஒரு பத்திரிகை வினாடி வினா. அமெரிக்காவின் டென்வர் நகரத்து நாளிதழ் ஒன்றில் சிண்டி ஹாசன், ஃபிலிப் ஷேவர் என்ற இரண்டு பேர் காதலைப் பற்றி ஒரு கேள்வித்தாள் போட்டார்கள். மூன்று பத்திகள் கொடுத்து, இதில் எது நீங்கள் என்று கேட்டிருந்தார்கள். வந்த பதில்களில் 620ஐ எடுத்துப் பார்த்ததில் 56 சதவீதம் பேர் நிலையானவர்கள், 25 சதவீதம் பேர் ஒதுங்குகிறவர்கள் (அவாய்டன்ட்), 19 சதவீதம் பேர் பதறுகிறவர்கள் (ஆங்ஷியஸ்). 1987இல் கட்டுரையாக வந்தது. பத்திரிகைக்காரி என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆய்வாளர்கள் இந்த மூன்று பெட்டிகளையும் ஓரமாக வைத்துவிட்டார்கள். பதற்றம் ஓர் அளவுகோல், ஒதுக்கம் இன்னோர் அளவுகோல். நாம் எல்லோரும் இரண்டிலும் ஏதோ ஒரு புள்ளியில் இருக்கிறோம், அந்தப் புள்ளியும் ஆளுக்கு ஆள், வருஷத்துக்கு வருஷம் நகரும் என்பதுதான் இப்போதைய கணக்கு. ஒரு வயசில் தொட்டிலில் இருந்தது அப்படியே இருபத்தைந்து வயசிலும் இருக்கும் என்றும் யாரும் நிரூபித்துவிடவில்லை. தொடர்பு உண்டு, ஆனால் மெலிந்த தொடர்பு. ரீல்ஸில் முப்பது செகண்டுக்குள் இது அடங்காது. அதனால் பெட்டிகள் மட்டும் வந்து சேர்கின்றன.

பத்துப் பொருத்தம் பார்ப்பதைக் கிண்டல் செய்துவிட்டுச் சொந்தமாக ஆள் தேடிக்கொண்ட தலைமுறை இது. அவர்கள் கையில் இன்னொரு ஜாதகம். அவன் அவாய்டன்ட் ராசி, இவள் ஆங்ஷியஸ் நட்சத்திரம், ரஜ்ஜு தட்டுகிறது.

சரி, கெடு மாதிரி அழுத்தம் இதில் எங்கே வருகிறது? 1992இல் டெக்சாஸில் ஜெஃப்ரி சிம்ப்சனும் கூட இரண்டு பேரும் 83 காதல் ஜோடிகளை வரவழைத்தார்கள். பெண்ணிடம் மட்டும் ஒரு கருவி அறையைக் காட்டி, உங்களை இங்கே உட்காரவைத்து ஒரு சோதனை செய்யப்போகிறோம், பலருக்கும் கலக்கமாகத்தான் இருக்கும் என்றார்கள். பிறகு காதலனோடு ஐந்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னார்கள். சோதனையே அந்த ஐந்து நிமிஷம்தான், கேமரா ஒளிந்திருந்தது. பயம் லேசாக இருந்தவரை ஒதுங்கும் சுபாவமுள்ள பெண்களும் காதலனிடம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பயம் ஏற ஏறத்தான் மாறியது. நிலையான பெண்கள் இன்னும் நெருங்கினார்கள்; ஒதுங்குகிற பெண்கள் பேச்சை மாற்றினார்கள், விலகினார்கள். ஆண்களிலும் இதே கதை. அவள் எவ்வளவு பயந்தாளோ அவ்வளவுக்கு நிலையானவன் தேற்றினான், ஒதுங்குகிறவன் தேற்றுவதைக் குறைத்தான்.

உஷாராக வேண்டிய இடம் இது. சாதாரண நாளில் பெசன்ட் நகர் பீச்சில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் ஆள் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. அவரைப் பற்றி அவருக்கே தெரியாது. ஆடிட் கெடு, அப்ரைசல், அப்பாவுக்கு ஆஞ்சியோ, அக்கா கல்யாணக் கடன் என்று ஏதாவது ஒன்று கழுத்தைப் பிடிக்கும்போதுதான் உள்ளே இருக்கும் அலாரம் அடிக்கும். ஒருவருக்கு அலாரம் அடித்தால் ஓடிவந்து பிடித்துக்கொள்ளத் தோன்றும். இன்னொருவருக்குக் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றும். இவர் கதவைத் தட்டத் தட்ட அவர் தாழ்ப்பாளை இறுக்குவார். அவர் இறுக்க இறுக்க இவர் இடிப்பார். இரண்டு பேரும் பயந்துபோயிருக்கிறார்கள் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. அவள் கண்ணுக்கு அவன் கல்நெஞ்சன். அவன் கண்ணுக்கு அவள் ராட்சசி.

புதுமணத் தம்பதிகளை வைத்து லிசா நெஃப், பெஞ்சமின் கார்னி என்ற இருவர் செய்த ஆய்வுகளில் இன்னொரு விபரீதமும் தெரிந்தது. வெளியே அழுத்தம் கூடும் நாட்களில், சாதாரணமாக ‘சரி, களைப்பாக இருக்கும்’ என்று விட்டுவிடுகிற அதே தவறை, ‘இவர் குணமே இதுதான்’ என்று எடுத்துக்கொள்கிறார்களாம். ஆளை எடைபோடும் தராசே அந்த நாட்களில் கோளாறாகிவிடுகிறது. கோளாறான தராசோடு செப்டம்பர் 28ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்துகொண்டு, இந்த உறவு வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். எந்த மளிகைக்கடைக்காரராவது செய்வாரா?

அந்தப் பையனை அடுத்த வாரம் பார்த்தேன். நான் கூப்பிடவில்லை, அவனாகவே கேட்டனுப்பி, லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குக் காலை ஆறரைக்கு வந்தான். சட்டைப்பையில் இரண்டு பேனா. சிஏ ஃபைனலில் ஒரு குரூப் இன்னும் பாக்கி. நடைப்பயிற்சிக் கூட்டத்துக்கு ஒதுங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். எடுத்த எடுப்பில் கேட்டேன், ஒரு “ம்” போட நாற்பது நிமிஷமா என்று.

“டைப் பண்ணிட்டேதான் இருந்தேன் ஆன்ட்டி. ‘வேலையில இருக்கேன்’னு போட்டா, எப்பவும் வேலைதானான்னு கேப்பா. ‘சாரி’ன்னு போட்டா, எதுக்கு சாரின்னு கேப்பா. அடிச்சு அடிச்சு அழிச்சேன். கடைசியில ‘ம்’ ஒண்ணுதான் தப்பில்லாததாத் தெரிஞ்சுது.” கொஞ்ச நேரம் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். “மெசேஜ் வர்ற சத்தம் கேட்டாலே வயித்தைப் பிசையுது ஆன்ட்டி. போனைக் கவுத்து வெச்சிடறேன்.”

அந்தப் பொம்மை உருட்டும் குழந்தைதான். வேறென்ன.

இந்த ஊரில் காதலிப்பதே ஒரு தனி அழுத்தம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க ஜோடிகளுக்கு வேலை டென்ஷன், பண டென்ஷன் என்றால், இங்கே அதோடு வீட்டுக்குத் தெரியக்கூடாது என்கிற டென்ஷன். ஜாதி என்னவென்று இரண்டு வீட்டிலும் கேட்கப்போகிற நாளை நினைத்து ஒரு டென்ஷன். ஒன்பதரைக்கு ஹாஸ்டல் கேட் மூடும். மாட வீதியில் சேர்ந்து நடந்தால் யாராவது ஒரு மாமி பார்த்துவிடுவார். 2006இல் ஜேம்ஸ் கோன் என்பவர் 16 மனைவிகளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, லேசான மின் அதிர்ச்சி வரும் என்று எச்சரித்துவிட்டு மூளையைப் பார்த்தார். கணவன் கையைப் பிடித்துக்கொண்டபோது மூளையின் அபாயச் சலசலப்பு அடங்கியது. நல்ல தாம்பத்தியமாக இருந்தால் இன்னும் அதிகமாக அடங்கியது. ஆக, பேச்சே வேண்டாம், கை போதும். ஆனால் பனகல் பூங்காவில் ஒரு பையனும் பெண்ணும் ஐந்து நிமிஷம் கை கோத்து உட்கார்ந்து பார்க்கட்டும், எத்தனை கண்கள் திரும்புகின்றன என்று தெரியும். கையால் தீர வேண்டியதை இந்த ஊர்ப் பிள்ளைகள் கட்டைவிரலால் டைப் அடித்துத் தீர்க்கப் பார்க்கிறார்கள். அதுவும் ராத்திரி பதினோரு மணிக்கு, போர்வைக்குள், பக்கத்துக் கட்டில்காரி தூங்கட்டும் என்று வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு. தீருமா?

இன்னொரு ஆபத்து இதற்கு நேர் எதிர். சண்டை முற்றி, அழுது, பிறகு சேர்ந்துகொள்ளும்போது நெஞ்சு படபடக்கிறதே, அதைக் காதலின் ஆழம் என்று எடுத்துக்கொள்வது. 1974இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் இருவரும் கனடாவில் வான்கூவர் அருகே, பள்ளத்தாக்குக்கு மேலே சுமார் 70 மீட்டர் உயரத்தில் ஆடும் தொங்கு பாலத்தில், கடந்துபோகும் ஆண்களை ஒரு பெண்ணைவிட்டுப் பேட்டி எடுக்கவைத்தார்கள். உறுதியான ஒரு பாலத்திலும் அதே பேட்டி. ஆடும் பாலத்துக்காரர்கள்தான் பிற்பாடு அந்தப் பெண்ணுக்கு அதிகம் போன் செய்தார்கள். பயத்தில் அடித்த நெஞ்சை, அவளுக்காக அடித்ததாக எண்ணிவிட்டார்கள். நம் ஊரிலும் அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கும் ஜோடிகள் உண்டு. அவர்களைச் சொல்லவில்லை. உறவையே ஆடும் பாலமாக வைத்துக்கொண்டு, ஆட்டம் நின்றால் ‘ஸ்பார்க் போயிடுச்சு’ என்று கிளம்புகிறவர்களைச் சொல்கிறேன். பதறுகிறவரும் ஒதுங்குகிறவரும் ஆரம்பத்தில் இப்படி ஒட்டிக்கொள்வதற்கு இந்தப் படபடப்பும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நிஜமான அபாயச் சங்கு. ‘எனக்கு அட்டாச்மென்ட் ஆங்ஸைட்டி, அதனால்தான்’ என்று சொல்லிக்கொண்டு போன் பாஸ்வேர்டு கேட்பது, இருபத்து நாலு மணி நேரமும் லைவ் லொகேஷன் போடச் சொல்வது, வேறு நண்பர்களை வெட்டச் சொல்வது, விட்டுப்போனால் கையை அறுத்துக்கொள்வேன் என்பது. இதெல்லாம் பதற்றம் இல்லை, பிடி. பதறுகிறவர் ‘பயமாக இருக்கிறது’ என்பார், அடுத்த நாள் வெட்கப்படுவார். பிடிக்கிறவர் ‘நீதான் என்னை இப்படி ஆக்கினாய்’ என்பார், அடுத்த நாள் இன்னொரு விதியோடு வருவார். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில், விலகிப்போக நினைத்த ஒரு கல்லூரி மாணவியைப் பின்தொடர்ந்து வந்த இளைஞன் ஓடும் மின்சார ரயிலின் முன்னால் தள்ளிக் கொன்றான். 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. விஷயம் அங்கே போய் நின்றதற்கு எந்த அட்டாச்மென்ட் பெயரும் சமாதானம் ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. ஒரு பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், தொடர்புகொள்ள முயல்வதும், அவள் இணையத்தில் செய்வதைக் கண்காணிப்பதும் குற்றம். முதல் தடவைக்கே சிறை உண்டு, மறுபடி செய்தால் தண்டனை இன்னும் கூடும். மிரட்டல் வந்தால் மகளிர் உதவி எண் 181. செத்துவிடுவேன் என்ற பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும், உங்கள் வாயிலிருந்தே வந்தாலும், அதைக் காதலர் தலையில் கட்டாதீர்கள். அரசின் டெலி மனஸ் 14416 இருக்கிறது. ராஜா அண்ணாமலைபுரத்தில் 1986 முதல் இதற்கென்றே இயங்கும் ஸ்நேகா இருக்கிறது, 044-24640050.

சட்டம் பெண்ணைப் பின்தொடரும் ஆணைத்தான் சொல்கிறது. ஆனால் என் அக்கா மகள் லஸ்ஸில் தகரத் தடுப்போரம் நின்றதும் அந்தப் படிக்கட்டின் முதல் படிதான். முகத்துக்கு நேராகச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் வந்தாள். நான் மனநல மருத்துவர் இல்லை, ஆலோசகரும் இல்லை. படித்ததில் உருப்படியாகத் தோன்றிய ஒன்றிரண்டைச் சொன்னேன். தம்பதிகளின் சண்டையைப் பல வருஷம் ஆராய்ந்த ஜான் காட்மன், நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது, குறைந்தது இருபது நிமிஷம் விலகியிருங்கள் என்கிறார். ஆனால் விலகுவதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது. எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டு விலக வேண்டும். நேரம் சொல்லாமல் விலகினால் பதறுகிறவருக்கு அது கைவிட்டதுதான். சொன்ன நேரத்துக்கு முன்னால் கதவைத் தட்டினால் ஒதுங்குகிறவருக்கு அது முற்றுகைதான். இதை அவனிடமும் பூங்காவில் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டினான், நம்பின மாதிரி தெரியவில்லை.

கெடு முடியும்வரை பிரிவதா சேர்வதா என்ற பேச்சே கிடையாது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அது மட்டும் நடந்தது.

29ஆம் தேதி ராத்திரி அவள் என் வீட்டில்தான் இருந்தாள். ஒன்பதரைக்கு மெசேஜ் வந்தது: “அப்லோட் வேலை ஓடுது. 11 மணிக்குக் கூப்பிடறேன்.” போனைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் மேலே வைத்தாள். தோசை வார்த்தோம். பதினொன்று அடித்தது. போன் அடிக்கவில்லை. நான் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் சமையலறையை விட்டு நகரவில்லை. 11.20க்குக் கூப்பிட்டான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியாது. வெளியே வந்ததும் போனைக் காட்டினாள். அந்த இருபது நிமிஷத்தில் அவள் அனுப்பியிருந்தது மூன்று மெசேஜ்.

“மூணுதான் சித்தி” என்றாள்.